போகிக்கு முன் காலி செய்த வீடு: வீட்டு நச்சுக் கழிவு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஜனவரியில், காவிரி டெல்டாவில் உள்ள ஒரு சிறு நகராட்சியில், எங்கள் தெருவில் நடந்தது இது. அந்தக் குடும்பத்திடமும், பாதிக்கப்பட்ட தூய்மைப் பணியாளரிடமும் கேட்டு, அவர்கள் சம்மதம் சொன்ன பிறகே எழுதுகிறேன். யார் பெயரும் இதில் இல்லை. நான் அந்த வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவன். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன்.

பின்னணி

அது ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, பின்னால் கொல்லை, கிணறு, மாடு இல்லாத மாட்டுக்கொட்டகை. வீட்டுப் பெரியவர் நெல் விவசாயி. அவருடைய மனைவி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவர். அந்த அம்மா 2019-இல் காலமானார். பெரியவர் அதற்குப் பிறகு தனியாகவே இருந்தார். சர்க்கரை நோய்க்குத் தினமும் இன்சுலின் போட்டுக்கொண்டு, 2023 அக்டோபரில் அவரும் போய்விட்டார்.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவர் மகள், சென்னையில் இருக்கிறார். இளையவர் மகன், பெங்களூரில். மகள் பள்ளியில் என்னிடம் படித்தவர், இன்றும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். வீட்டை வாடகைக்கு விட முடிவு செய்து, பொங்கல் விடுமுறையோடு சேர்த்து நான்கைந்து நாளில் காலி செய்துவிடலாம் என்று ஜனவரி 10-ஆம் தேதி வந்து இறங்கினார்கள்.

ஒரு விவசாயியும் ஒரு செவிலியரும் நாற்பது வருடம் வாழ்ந்த வீட்டில் என்னவெல்லாம் சேர்ந்திருக்கும் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. நானும்தான். அன்று சாயங்காலம் அந்தப் பக்கம் போனபோது, குளியலறைச் சாமான்களை மகன் ஒரு உரச்சாக்கில் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பாதி இருந்த ஆசிட் பாட்டில் அவர் கையில் இருந்தது. "வேலை நடக்குதா தம்பி?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினேன். அங்கே ஒரு நிமிடம் நின்றிருக்க வேண்டும்.

ஜனவரி 11, காலை

எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க வருபவர் நாற்பது வயதுப் பெண். ஒப்பந்தப் பணியாளர். காலை ஏழு மணி வாக்கில் பேட்டரி வண்டியோடு வருவார். அவர் வந்தபோது வீட்டார் பின்கட்டில் இருந்தார்கள். சாக்கு வாசலில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத்தான் ஏற்ற வேண்டும் என்பது அவருக்கு உள்ள உத்தரவு. பிரிக்காமல் கொண்டுபோனால் மேற்பார்வையாளரிடம் பேச்சு வாங்க வேண்டும். அதனால் சாக்கைத் தெருவிலேயே அவிழ்த்து உள்ளே கைவிட்டார்.

ஆசிட் பாட்டிலின் மூடி சரியாகத் திருகப்படவில்லை. இரவு முழுக்கப் படுத்துக் கிடந்ததில் கொஞ்சம் கசிந்திருந்தது. அதே சாக்கில் பாதி இருந்த பிளீச்சிங் பவுடர் பொட்டலம். சாக்கைப் புரட்டியதும் மிச்ச ஆசிட்டும் மொத்தமாக அந்தப் பவுடர் மேல் கொட்டிவிட்டது. கழிவறை கழுவும் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடரில் இருப்பது கால்சியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், உடனே வரும்.

இருமல் சத்தம் கேட்டுத்தான் வெளியே ஓடினேன். அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். கண்ணில் நீர் கொட்டியது. சாக்கிலிருந்து லேசான மஞ்சள்பச்சைப் புகை எழுந்தது. நீச்சல் குளத்து வாடை, ஆனால் மூக்கை அறுக்கிற அளவுக்கு.

முதலில் செய்தது, காற்று வரும் திசையைப் பார்த்து அவரை அந்தப் பக்கமாக முப்பது அடி தள்ளி நகர்த்தியது. குளோரின் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் தெருவில் உட்கார வைக்காமல் உயரமான ஒரு திண்ணையில் உட்கார வைத்தேன். தெருவில் நின்ற பிள்ளைகளை எதிர்ப்பக்கம் அனுப்பினோம். சாக்கை யாரும் தொட வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம், திறந்த வெளியில் அப்படியே கிடக்கட்டும் என்றேன். அப்புறம் குழாய்த் தண்ணீரில் கண்ணையும் முகத்தையும் கால் மணி நேரம் விடாமல் கழுவினோம். பக்கத்து வீட்டு அம்மா மோர் கொண்டுவந்தார். நல்ல மனசுதான், ஆனால் மூச்சு வாங்குகிற ஆளுக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று தடுத்தேன். 108-க்குக் கூப்பிட்டோம்.

கை கழுவும்போதுதான் இன்னொன்றைப் பார்த்தோம். கையுறையைக் கழற்றியதும் கட்டைவிரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம். அவர் பழக்கத்தில் விரலை வாயில் வைக்கப் போனார். மகள் கையைப் பிடித்துக்கொண்டார். சாக்கின் அடியில், பிஸ்கட் பாக்கெட் உறைக்குள், பெரியவர் பயன்படுத்திய இன்சுலின் ஊசிகள். சிலவற்றுக்கு மூடி இல்லை. நகராட்சி கொடுத்த மெல்லிய கையுறையைத் தாண்டி ஒன்று ஏறியிருந்தது. விரலைப் பிதுக்காமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துக் கழுவினோம்.

மருத்துவமனையில்

அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்து, நெபுலைசர் கொடுத்தார்கள். குளோரின் பட்ட நுரையீரலில் சில மணி நேரம் கழித்துக்கூட நீர் கோக்கலாம் என்பதால் இரவு முழுக்கக் கண்காணிப்பில் வைத்து, மறுநாள் காலை அனுப்பினார்கள். புகையால் வந்த தொல்லை அதோடு முடிந்தது.

ஊசி அப்படி முடியவில்லை. ஊசி பயன்பட்டு மூன்று மாதம் ஆகிவிட்டது, காய்ந்து கிடந்தது, ஹெச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று சொல்லி மருத்துவர் அதற்கான தடுப்பு மாத்திரை தொடங்கவில்லை. டெட்டனஸ் ஊசி போட்டார். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி அந்தப் பெண்ணுக்கு அதுவரை போடப்பட்டதே இல்லை. அன்றைக்கு முதல் தவணை, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறு மாதத்தில் மூன்றாவது. ரத்தப் பரிசோதனை அன்றைக்கும், ஆறு வாரத்திலும், மூன்று மாதத்திலும், ஆறு மாதத்திலும்.

தெருவே கூடிப் பேசியது புகையைப் பற்றி. அந்தப் பெண்ணும் அவர் வீட்டுக்காரரும் ஆறு மாதம் தூக்கம் கெட்டது ஊசியால். இதைப் படிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

மறுநாள் மகளும் மகனும் அவர் வீட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். அவர் யாரையும் திட்டவில்லை. "சார், பாட்டில்ல என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தனியா வாங்கி வெச்சிருப்பேன்" என்றார். வேலைக்குப் போகாத நாட்களின் கூலியை ஒப்பந்தக்காரர் பிடித்துக்கொண்டார். அதைக் குடும்பம் கொடுத்தது.

வீட்டில் கிடைத்தவை

விபத்து நடந்த அன்று மத்தியானமே வேலையை நிறுத்திவிட்டுக் கணக்கெடுத்தோம். மகள் ஒரு நோட்டில் எழுதினார்.

பரணில், மோனோகுரோட்டோபாஸ் பாட்டில் ஒன்று, பாதிக்கு மேல் இருந்தது. லேபிளில் சிவப்பு முக்கோணமும் மண்டை ஓடும். பூச்சிமருந்து லேபிளில் சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், நீலம், கடைசியாகப் பச்சை. அதன் பக்கத்தில் ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டில், பாதி வரை பழுப்பு நிறத் திரவம், பெயர் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சாம்பல் வெள்ளைப் பொடி. அதுவும் பெயரில்லாதது.

மகள் ஹார்லிக்ஸ் மூடியைத் திருகப் போனார். திறந்து மோந்து பார்ப்பது நமக்கு இயல்பாக வருகிற காரியம், அதனால்தான் சத்தமாகவே தடுத்தேன். மகன் அப்போது ஒன்று சொன்னார்: "அப்பா எறும்புக்குக் கமேக்சின் தூவுவார், சின்ன வயசுல பார்த்திருக்கேன்." கமேக்சின் என்று நாம் சொன்ன பி.ஹெச்.சி. பொடி 1997-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அது என்றால், கால் நூற்றாண்டாகச் சமையலறைக்கு மேலே, சத்துமாவு பாட்டிலில் உட்கார்ந்திருந்திருக்கிறது. அந்த வீட்டில் பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்து தங்கியிருக்கிறார்கள்.

மற்றவை: எரிந்து போன டியூப்லைட் 11, சி.எஃப்.எல். பல்பு 6, டார்ச் செல்கள் ஒரு டப்பா, இன்வெர்ட்டர் பேட்டரி, பாதி எனாமல் பெயிண்ட், தின்னர், கொசு ஸ்பிரே டின்கள், இரண்டு பை நிறையக் காலாவதி மாத்திரைகள். அம்மாவின் இரும்புப் பெட்டியில் பாதரச பி.பி. கருவி ஒன்று.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மகன் சொன்ன முதல் யோசனை போகி. "ஞாயிற்றுக்கிழமை எப்படியும் கொளுத்தப் போறோம், இதையும் போட்டுடலாமே" என்றார். தெருவில் பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள். ஸ்பிரே டின் நெருப்பில் வெடிக்கும். டியூப்லைட்டும் சி.எஃப்.எல்.லும் உடைந்தால் பாதரச ஆவி. பூச்சிமருந்தை எரித்தால் விஷம் புகையாகித் தெரு முழுக்கப் போகும், குளோரின் சேர்ந்த பழைய மருந்துகளிலிருந்து டையாக்சின் என்ற கொடிய நச்சுகூட வரலாம். வீட்டு நெருப்பின் சூடு அவற்றைச் சிதைக்கப் போதாது. போகிக்குப் பழைய பாயும் கிழிந்த துணியும் போதும் என்று முடிவானது.

இரண்டாவது யோசனை கொல்லையில் குழி தோண்டிப் புதைப்பது. கிணறு இருபது அடியில் இருக்கிறது, பக்கத்து வீட்டு போரும் கிட்டத்தில்தான். மூன்றாவது சாக்கடையில் ஊற்றுவது. எங்கள் தெருச் சாக்கடை போய்ச் சேரும் இடம் குளம். இரண்டையும் மகளே மறுத்துவிட்டார்.

ஆக, பூச்சிமருந்து மூன்றையும் திறக்காமல், வேறு பாட்டிலுக்கு மாற்றாமல், கழுவாமல், இருந்தபடியே வைத்தோம். தடித்த ரப்பர் கையுறை போட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு பாலிதீன் பைக்குள் கட்டி, உலர்ந்த மணல் போட்ட பிளாஸ்டிக் வாளியில் நிமிர்த்தி நிறுத்தினோம். கசிந்தால் மணல் உறிஞ்சிக்கொள்ளும். மோனோகுரோட்டோபாஸ் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும் என்பதால் வெறுங்கையால் யாரும் தொடவில்லை. ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டினோம். பெயர் தெரியாத பாட்டிலில் எழுதியது: "என்னவென்று தெரியாது. விஷம். திறக்கக் கூடாது." வாளி மாட்டுக்கொட்டகையில் பூட்டுக்குள் போனது, சாவி என்னிடம். டெல்டாவில் ஒரு பூச்சிமருந்து பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததாலேயே போன உயிர்கள் எத்தனை என்று எங்களுக்குத் தெரியும். பூட்டு அதற்காகவும்தான்.

மாத்திரைகளையும் மீதி ஊசிகளையும் 12-ஆம் தேதி அம்மா வேலை பார்த்த சுகாதார நிலையத்துக்கே கொண்டுபோனோம். ஊசிகளைச் சாக்கிலிருந்து இடுக்கியால் பொறுக்கி, ஒரு தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடியிருந்தோம். அம்மாவைத் தெரிந்த மருந்தாளுநர் அங்கே இருந்தார். காலாவதி மாத்திரைகளை மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையிலும், ஊசிகளை வெள்ளை டப்பாவிலும் வாங்கிக்கொண்டார். அம்மாவின் முகத்துக்காகக் கிடைத்த உதவி அது. தெருவில் வேறு யார் போனாலும் கிடைத்திருக்குமா என்றால், கிடைத்திருக்காது.

பெயிண்டையும் தின்னரையும் தூக்கிப் போடவே தேவைப்படவில்லை. மகன் இரண்டு நாள் உட்கார்ந்து முன்பக்க இரும்புக் கதவுக்கு அடித்துத் தீர்த்தார். இன்வெர்ட்டர் பேட்டரியைப் பேட்டரிக் கடைக்காரர் ஈயத்துக்காகக் காசு கொடுத்தே எடுத்துக்கொண்டார்.

பாதரசம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 12-ஆம் தேதி சாயங்காலம் மகள் பி.பி. கருவியின் பெட்டியைத் தூக்கினார். உள்ளே கண்ணாடிக் குழாய் எப்போதோ விரிசல் விட்டிருக்கிறது. சாய்த்ததும் பாதரசம் சிவப்பு ஆக்சைடு பூசிய தரையில் வெள்ளி மணிகளாக ஓடியது. அழகாக இருக்கும், அதுதான் ஆபத்து. ஒரு மணியைத் தடுக்க மகள் விரலை வைத்தார். மோதிரத்தில் பட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தங்கத்தின் ஒரு பக்கம் வெளுத்துவிட்டது. பாதரசம் தங்கத்தோடு கலந்து ரசக்கலவையாகிவிடும், துடைத்தால் போகாது.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் ஒரு கிராம் அளவுதான் பாதரசம். பி.பி. கருவியில் 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். அறை வெப்பத்திலேயே அது ஆவியாகும். அந்த ஆவிக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டபின் அதன் மண்ணைச் சுத்தம் செய்வது எத்தனை வருடம் பேச்சாக இருந்தது என்பது தமிழ்நாட்டில் பலருக்கு நினைவிருக்கும்.

விளக்குமாற்றைத் தொட வேண்டாம் என்றேன். பெருக்கினால் மணிகள் இன்னும் சிறிதாக உடைந்து பரவும். மின்விசிறியை நிறுத்தினோம், ஜன்னல்களைத் திறந்தோம், மற்றவர்களை வெளியே அனுப்பினோம். எல்லோரும் வளையல், மோதிரம், சங்கிலியைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம். கல்யாணப் பத்திரிகை அட்டைகள் இரண்டை வைத்து மணிகளை ஒன்றாகத் தள்ளி, சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிப் புட்டியில் விட்டோம். தண்ணீர் மேலே நின்றால் ஆவி வருவது குறையும். கண்ணுக்குத் தப்பிய சிறு மணிகளுக்கு டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடித்தால் மினுங்கும். செல்லோடேப்பால் ஒற்றி எடுத்தோம். தரையில் ஒரு விரிசல் இருந்தது. நாட்டு மருந்துக் கடையிலிருந்து கந்தகப் பொடி வாங்கி அதில் அடைத்தோம். கந்தகத்தோடு சேர்ந்த பாதரசம் ஆவியாவது வெகுவாகக் குறையும். அட்டை, டேப், கையுறை எல்லாம் தனிப் பையில் போய் வாளியோடு சேர்ந்தது.

மோதிரத்தை ஆசாரியிடம் கொடுத்து ஊதச் சொன்னால் பழையபடி ஆகிவிடும் என்று யாரோ மகளிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், தங்கம் மஞ்சளாகிவிடும். ஆனால் பாதரசம் எங்கே போகும்? சூட்டில் ஆவியாகி, குனிந்து ஊதுகிற ஆசாரியின் மூச்சுக்குள் போகும். இதைச் சொன்னதும் மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மோதிரத்தை ஒரு சின்ன புட்டியில் போட்டு மூடச் சொன்னார்.

நகராட்சியும் அதன் பிறகும்

பொங்கல் முடிந்து 18-ஆம் தேதி நானும் மகனும் நகராட்சி அலுவலகம் போனோம். அப்போது நடப்பில் இருந்த 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 'வீட்டு அபாயக் கழிவு' என்று ஒரு வகையையே சொல்லின: பெயிண்ட் டின், பூச்சிமருந்து டப்பா, சி.எஃப்.எல்., டியூப்லைட், காலாவதி மருந்து, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், பழைய பேட்டரி, ஊசி. எங்கள் நோட்டில் இருந்த பட்டியலேதான். இருபது சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வைத்து உள்ளாட்சி இதை வாங்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் இருந்தது. அதற்குக் குறைவான பரப்பானாலும் ஒரு மையம் வேண்டும் என்றிருந்தது.

எங்கள் ஊரில் மையம் இல்லை. சுகாதார ஆய்வாளர் அதை மறைக்காமல் சொன்னார். வேளாண்மை அலுவலகத்திலும் மருந்துக் கடையிலும் ஏற்கெனவே கேட்டிருந்தோம், திறந்த பாட்டிலை எடுக்க முடியாது என்று விட்டார்கள். ஆனால் விபத்தைப் பற்றிய எங்கள் எழுத்துப்பூர்வமான மனுவும், மருத்துவமனைச் சீட்டின் நகலும் இருந்ததால் ஆய்வாளரால் மேலே எழுத முடிந்தது. வெறும் வாய்ப்பேச்சாகப் போயிருந்தால் நகர்ந்திருக்காது என்பது என் எண்ணம்.

இரண்டு வாரத்தில், மக்கும் குப்பையை உரமாக்கும் நுண்ணுரக் கூடத்தில் ஒரு அறை ஒதுக்கினார்கள். டியூப்லைட், பல்பு, செல், ஸ்பிரே டின் எல்லாம் அங்கே போயின. டியூப்லைட்டுகளைப் பழைய அட்டை உறைகளில் செருகி, உடையாமல் படுக்க வைத்துக் கொடுத்தோம். பூச்சிமருந்து வாளியும் பாதரசப் புட்டியும் மட்டும் கொட்டகையிலேயே இருந்தன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு நகராட்சி இரண்டு முறை எழுதி, ஜூன் மாதம் அனுமதி பெற்ற வண்டி ஒன்றில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள அபாயக் கழிவு நிலையத்துக்கு அவை போயின. வாளியோடு சேர்த்து எட்டுக் கிலோகூட இருக்காது. அதற்கு ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் வாரம் ஒருமுறை பூட்டைத் திறந்து கசிவு இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஜூலையில் கடைசி ரத்தப் பரிசோதனை. எல்லாம் நெகட்டிவ். தடுப்பூசியின் மூன்றாவது தவணையும் அன்றே போட்டார்கள். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அவர் என் வீட்டு வாசலுக்கு வந்து காட்டினார்.

மறுபடி நடந்தால் எதை மாற்றுவோம்

ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டையும் ஒரே சாக்கில், ஒரே அலமாரித் தட்டில்கூட வைக்க மாட்டோம். மிச்சமிருந்தால் தூக்கிப் போடுவதைவிட, தேவைப்படும் பக்கத்து வீட்டுக்கு அதே பாட்டிலில், அதே லேபிளோடு கொடுத்துவிடுவதே மேல்.

இன்சுலின் போடுகிற வீடுகளில் இப்போது தரை துடைக்கும் லோஷன் பாட்டில் ஒன்று ஊசிக்காகவே இருக்கிறது. தடித்த பிளாஸ்டிக், திருகு மூடி. ஊசி போட்ட கையோடு அதற்குள். முக்கால்வாசி நிறைந்ததும் மூடியில் டேப் சுற்றி, 'ஊசி' என்று எழுதுகிறோம். எங்கள் தெருவில் மட்டும் அப்படி ஏழு வீடு இருப்பது இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இந்த பாட்டில்களைச் சுகாதார நிலையம் எப்போதும் வாங்க வேண்டும் என்று கேட்டு மனு கொடுத்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.

காலி செய்கிற வேலையை நாலு நாளில் முடிக்கத் திட்டமிட்டதும் தவறு. முதல் நாள் எதையும் கட்டாமல், பார்த்து எழுத மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் சாக்கு வாசலுக்குப் போயிருக்காது. பாதரசக் கருவியும் பெட்டி மூடியபடியே போயிருக்கும்.

அந்தப் பெண்ணின் பேட்டரி வண்டியில் கைப்பிடிக்குக் கீழே இப்போது ஒரு சிவப்பு வாளி தொங்குகிறது, தெரு வாங்கிக் கொடுத்தது. செல், பல்பு, மருந்து பாட்டில் எதுவானாலும் சாக்கில் போடாமல் அவர் கையில் கொடுத்து, இன்னது என்று சொல்லிவிட்டுத்தான் விடுகிறோம். போன வாரம் என் மனைவி ஒரு பழைய பாட்டிலை நீட்டியபோது, "இதுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்.